அச்சுப்பொறி வாளாவிருக்கும்போது

எழுதிய ஒன்றை அச்சிடுமாறு கணினிக்கு ஆணையிடுகிறோம், அச்சுப்பொறி அசையவில்லை. இந்நிலையில் நம்மவருட் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: மீண்டும் ஆணையிடுவர். அதற்கும் அசையாவிடில் மூன்றாம் முறை, நான்காம் முறை. பின்னர்ப் பொறியின் மின்விசையை அணைத்து ஏற்றிப் பார்ப்பர்; கம்பியைப் பிடுங்கிச் செருகுவர்; பக்கவாட்டில் இரண்டு தட்டும் தட்டுவர். முடிவில், பென்டிரைவைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடையை நோக்கி நடப்பர். காரியம் முடிந்தது என்னும் மனநிறைவோடு வீடு திரும்பும் அவர்கள், தாம் விட்டுச் சென்ற நான்கு ஆணைகளும் என்னவாயின என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதனைக் கேட்பதே இத்திங்கள் நம் கருத்து.

அவ்வாணைகள் மறைந்து போவதில்லை. நம் சங்க நூலகத்தில் அண்மையில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அன்பர் ஒருவர் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு வேண்டிய தாள்களை அச்சிட வந்தார். வங்கிக் கணக்கின் ஆறு திங்கள் அறிக்கையும், அவர் துணைவியாரின் மருத்துவச் சோதனை முடிவும் அவற்றோடு சேர்ந்திருந்தன. பொறி இயங்கவில்லை. பலமுறை முயன்றுவிட்டு, வெளியே சென்று அச்சிட்டுக்கொண்டார். மறுநாள் ஞாயிறு. தமிழ் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்காக எவரோ பொறியில் புதுத்தாள் அடுக்கினார். முதல் நாள் அது இயங்காமைக்குத் தாள் தீர்ந்திருந்தமையே காரணம் போலும். கட்டுரைப் போட்டியின் விண்ணப்பத்தை எதிர்பார்த்து நின்ற பிள்ளைகளின் கையில் வந்து விழுந்தன, வங்கி அறிக்கை நான்கு படியும் மருத்துவ முடிவு மூன்று படியும். சிறுவன் ஒருவன் மேல்வரியை உரக்கப் படித்தும் விட்டான். ஊர் விட்டு ஊர் வந்து, ஒருவரையொருவர் நன்கறிந்து வாழும் நம் போன்ற சிறு குழுவில் இத்தகைய செய்தி எவ்வளவு விரைவில் பரவும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. பெயர்கள் ஈண்டு வேண்டா.

நிற்க. நாம் இடும் ஆணை நேரே அச்சுப்பொறிக்குச் செல்வதில்லை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். கணினிக்குள்ளேயே ஸ்பூலர் எனப்படும் ஒரு செயலி இடையில் அமர்ந்திருக்கிறது. நூல் சுற்றும் உருளைக்கு ஆங்கிலத்தில் ஸ்பூல் என்று பெயர். அச்சிட வேண்டியவற்றையெல்லாம் வாங்கி, வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வரிசை எண் இட்டு, பொறி ஆயத்தமாகும்போது ஒவ்வொன்றாக விடுவிப்பது இதன் தொழில். வட்டில் எழுதப்பட்டமையால், மின்சாரம் போனாலும் கணினியை அணைத்து ஏற்றினாலும் அப்பணிகள் அழிவதில்லை. அச்சுப்பொறியை அணைத்தால் அதன் சிறு நினைவகத்தில் இருந்த பகுதி போகும். ஆனால் விசை ஏறியதும் வரிசை அதே பணியை மறுபடியும் அனுப்பிவிடும். அணைத்து ஏற்றுவதால் வரிசை தூய்மையாகும் என்று நம்புவோர் பலர் உளர். பொறி நின்றால் வரிசையும் நின்றது என்பது கண்ணுக்குத் தோன்றும் தோற்றமே.

இவ்வேற்பாடு இன்று நேற்று வந்ததன்று. 1959ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் 1401 என்னும் கணினியை வெளியிட்டது. அதனோடு வந்த 1403 என்னும் வரி அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரிகள் அச்சிடும். நம் கண்ணுக்கு அது பெருவேகம். பெருங்கணினியின் கணக்கிலோ ஆமை நடை. மணிக்கணக்கில் வாடகை எண்ணப்பட்ட அப்பெருங்கணினிகள் அச்சுக்காகக் காத்திருத்தல் கட்டுபடியாகாது. ஆதலின் பெருங்கணினி தன் விடைகளைக் காந்த நாடாவில் எழுதிவிட்டு அடுத்த கணக்கைப் பார்க்கத் தொடங்கும். நாடாவைக் கழற்றி எடுத்துச் சென்று 1401இல் மாட்டி ஆற அமர அச்சிடுவர். நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963ஆம் ஆண்டு ஐபிஎம் 1620 நிறுவப்பெற்றது. சில ஆண்டுகளில் 7044 என்னும் பெருங்கணினியும் அதற்குத் துணையாக 1401உம் அங்கு வந்து சேர்ந்தன. அங்கே 1965ஆம் ஆண்டில் கணினி அறிவியலுக்கு முதுநிலைப் படிப்பு தொடங்குவதில் முன்னின்றவர் வி. ராஜாராமன். அவர் ஈரோட்டிற் பிறந்து, தலைநகரில் நம்மவர் நடத்திய பள்ளியில் பயின்றவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லி வைத்தல் நன்று.

பின்னர் வந்த யூனிக்ஸ் முறைமையில் வரிசையைக் கேட்கவும் திருத்தவும் கட்டளைகள் ஏற்பட்டன. லைன் பிரிண்டர் என்பதன் முதலெழுத்துகளாகிய எல், பி இரண்டும் அவற்றின் தலையில் நின்றன. வரி அச்சுப்பொறிகள் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் அருகிவிட்டன. பெயர் மட்டும் நிலைத்தது. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் வளர்த்த கிளையில் எல்பிஆர், எல்பிகியூ, எல்பிஆர்எம் என்றும், ஏடி அண்டு டி நிறுவனத்தாரின் கிளையில் எல்பி, எல்பிஸ்டாட், கேன்சல் என்றும் ஒரே தொழிலுக்கு இரு சொற்குலங்கள் வழங்கின. மைக்கேல் ஸ்வீட் என்பார் 1997இல் எழுதத் தொடங்கி 1999இல் வெளியிட்ட கப்ஸ் என்னும் அச்சு முறைமை இரு குலத்தையும் ஏற்றுக்கொண்டது. 2002ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் அதனைத் தன் மேக் கணினிகளில் சேர்த்தது. லினக்ஸ் கணினிகளிலும் அதுவே பெருவழக்கு. ஆதலின் பின்வரும் கட்டளைகள் நம் நூலகத்து லினக்ஸ் கணினிக்கும், இல்லத்தில் மேக் வைத்திருப்பார்க்கும் ஒக்கும்.

வரிசை வாய் திறந்து பேச வேண்டும் என்பதில் எத்துணை ஆர்வம் ஒருவர்க்கு இருத்தல் கூடும் என்பதற்கு ரிச்சர்டு ஸ்டால்மன் சான்று. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் அவர் பணி புரிந்த காலம். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போர் அனைவர்க்கும் கணினி வழியே செய்தி போகுமாறு அவர் நிரலைத் திருத்தியிருந்தார். 1980ஆம் ஆண்டை ஒட்டிப் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதன் மூலநிரல் கூட வரவில்லை. ஆதலின் அதனைத் திருத்த இயலவில்லை. மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரை நேரிற் சென்று கேட்டார். பிறர்க்குக் கொடுப்பதில்லை என்று வாக்களித்துள்ளேன் எனக் கூறி அவர் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்துக்கு இது ஒன்றே காரணம் என்பது மிகையாகும். எனினும் அவரே பலமுறை எடுத்துரைத்த காரணங்களுள் இதுவும் ஒன்று. அச்சு ஏன் நின்றது என்று ஓர் அறிவிப்பு வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

இனிக் கட்டளைகளுக்கு வருவோம். டெர்மினல் என்னும் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றி எல்பிஸ்டாட் என்று எழுதி என்டர் விசையை அழுத்துக. ஸ்டாட் என்பது ஸ்டேட்டஸ் என்பதன் முன்பாதி. விடை ஒன்றும் வாராவிடில் நம் பெயரில் காத்திருக்கும் பணி எதுவும் இல்லை என்பது பொருள். இருக்குமாயின், பணி ஒன்றுக்கு ஒரு வரி தோன்றும். பொறியின் பெயரும் சிறுகோடும் எண்ணும் சேர்ந்த அடையாளம் முதலில்; அடுத்து அதனை அனுப்பியவர் பெயர்; அடுத்துப் பைட் கணக்கில் அளவு; கடைசியில் நாளும் நேரமும். ஒரே அளவுடைய நான்கு வரிகள் சில நொடி இடைவெளியில் நிற்கக் கண்டால், பொறுமையிழந்து அழுத்திய நான்கு அழுத்தங்களே அவை என்று தெளியலாம். எல்பிகியூ என்னும் கட்டளை இதனையே வேறு வடிவில் காட்டும்: எது இப்போது அச்சாகிறது, எது முதலாவது, எது இரண்டாவது என்று ரேஷன் கடை வரிசை போல.

அடுத்து, பொறியின் நிலையைக் கேட்டல் வேண்டும். எல்பிஸ்டாட் என்றெழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் அதனை ஒட்டிப் பிரிண்டரின் பி என்னும் எழுத்தும் இடுக. (தமிழில் எழுதும்போது இரண்டு பி, இரண்டு டி ஒன்றாகத் தோன்றும்; ஆதலின் சொல்லைச் சுட்டி எழுதுகிறோம். பொறுத்தருள்க.) ஐடில் என்று வந்தால் பொறி வேலையின்றி இருக்கிறது. நவ் பிரிண்டிங் என்று வந்தால் ஒரு பணி நடக்கிறது. அப்பணியின் எண்ணும் உடன் வரும். டிசேபிள்டு என்று வந்தால் முறைமையே பொறியை நிறுத்தி வைத்துள்ளது. பணி ஒன்று தோல்வியுற்றபோது இவ்வாறு தானே நிறுத்திக்கொள்ளும் இயல்பு கப்ஸுக்கு உண்டு. எத்தனை முறை தட்டினாலும், எத்தனை தாள் அடுக்கினாலும் அந்நிலையில் அது அச்சிடாது. கப்ஸ்எனேபிள் என்னும் கட்டளையோடு பொறியின் பெயரையும் சேர்த்து எழுதினால்தான் கதவு திறக்கும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அறிய வேண்டுவோர் எல்பிஸ்டாட்டுடன் சிறுகோடும் டிக்கட்டின் டி எழுத்தும் இடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கதவைத் திறந்தவுடன் காத்திருப்பவை எல்லாம் வெளியே பாயும். ஆகவே முதலில் கேட்டல், அடுத்து வேண்டாதவற்றை நீக்கல், அதன்பின் திறத்தல் என்னும் ஒழுங்கு பிறழலாகாது. தாள் அடுக்குவதும் இவ்வாறே. தாள் தீர்ந்து நின்ற பொறியில் தாள் வைப்பதும் கதவைத் திறப்பதே. நீக்குதற்குரிய கட்டளை கேன்சல். அதனை அடுத்து, முன்பு கண்ட அடையாளத்தை அப்படியே எழுத வேண்டும். ஆல் என்பதன் ஏ எழுத்தைச் சிறுகோட்டுடன் இட்டால் எல்லாப் பணியும் நீங்கும். இல்லத்தில் அதனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பலர் புழங்கும் இடத்தில் வேண்டா. பக்கத்து மேசைக்காரர் தம் மகளின் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்துக்காகக் காத்திருப்பார்; அதுவும் சேர்ந்து போய்விடும்.

அச்சிடுவதையே கட்டளைவரியில் செய்வார்க்கு எல்பி என்னும் ஈரெழுத்துப் போதும். அதன்பின் கோப்பின் பெயர். உடனே முறைமை ரெக்வெஸ்ட் ஐடி இன்னது என்று விடை கூறும். வங்கியில் கிடைக்கும் டோக்கன் போன்றது இது. பொத்தானை அழுத்துவோர்க்கு இந்த டோக்கன் கண்ணிற் படுவதில்லை. அவர்கள் மீண்டும் மீண்டும் அழுத்துவதற்குக் காரணமும் இதுவே என்பது நம் துணிபு. கையில் டோக்கன் உள்ளவர் இரண்டாம் முறை வரிசையில் போய் நிற்க மாட்டார் அன்றோ? ஒரு பொறி பழுதாகி, வேறொன்று அருகில் இருக்குமாயின், எல்பிமூவ் என்னும் கட்டளையோடு டோக்கனையும் புதுப்பொறியின் பெயரையும் எழுதினால், மீண்டும் அனுப்ப வேண்டாதபடி பணி அங்கே மாறிச் செல்லும்.

அச்சிடாமல் நிறுத்தி வைப்பதற்கும் வழியுண்டு. எல்பியோடு சிறுகோடும் பேரெழுத்து எச்சும் இட்டு, ஹோல்டு என்று எழுதிப் பின் கோப்பின் பெயரைக் கொடுத்தால், பணி வரிசையில் சேரும். ஆனால் நாம் சொல்லும் வரை அச்சாகாது. பொறியின் அருகிற் சென்று நின்றபின் அதே டோக்கனைச் சுட்டி ரெஸ்யூம் என்று பணித்தால் தாள் நம் கையிலேயே விழும். பிறர் காணலாகாத தாள்களுக்கு இதுவே தக்க முறை. ஹோல்டு என்பதற்கு மாறாக நேரத்தையும் குறிக்கலாம். ஆனால் அந்நேரம் நம் கடிகாரத்து நேரம் அன்று; உலகப் பொது நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணி முந்தியிருப்பவர்கள். காலை 8 மணிக்கு அச்சாக வேண்டுமெனில் 02:30 என்று எழுத வேண்டும். இதனை அறியாது 08:00 என்று எழுதினால் பிற்பகல் 1:30 மணிக்கே தாள் வரும். அதற்குள் பள்ளி அலுவலகம் மூடும் வேளையும் நெருங்கிவிடும்.

இனி, பலரும் அறியாத ஒன்று. அச்சாகி முடிந்த பணியும் உடனே அழிவதில்லை. கப்ஸ் முறைமையின் இயல்பான அமைப்பில், அச்சான ஆவணம் 86,400 நொடி, அதாவது ஒரு முழுநாள், வட்டிலேயே வைத்திருக்கப்படும். தாள் கசங்கினால் மறுபடி அச்சிட உதவட்டும் என்பது நல்லெண்ணமே. எல்பிஸ்டாட்டோடு சிறுகோடு, பேரெழுத்து டபிள்யூ, கம்ப்ளீட்டட் என்னும் சொல், மீண்டும் சிறுகோடு, ஓ எழுத்து என இம்முறையே எழுதினால் முடிந்த பணிகளின் பட்டியல் வரும். அவற்றுள் ஒன்றன் டோக்கனைச் சுட்டி ரீஸ்டார்ட் என்றால், ஆவணம் இன்னும் வட்டில் இருக்குமாயின், புதுப்படி ஒன்று வெளிவரும். ஒவ்வொருவர்க்கும் தனிப் பயனர் பெயர் உள்ள இடத்தில் இதனால் தீங்கில்லை. உரியவரும் முறைமையைக் காப்பவருமே பணியைத் தொட இயலும். நம் நூலகம் போன்ற இடங்களிலோ எல்லாரும் ஒரே பெயரில் நுழைகிறோம். முறைமையின் கண்ணுக்கு நாம் அனைவரும் ஒருவரே. நேற்று மாலை ஒருவர் அச்சிட்ட ஊதியச் சான்றை இன்று காலை வேறொருவர் எடுத்துவிட முடியும்.

இதற்கு மாற்று இரண்டு. கேன்சல் கட்டளையில் சிறுகோடும் எக்ஸ்ரேயின் எக்ஸ் எழுத்தும் சேர்த்து டோக்கனைக் கொடுத்தால் வரிசையிலிருந்து பணி நீங்குவதோடு வட்டில் உள்ள படியும் அழியும். அதனினும் சிறந்தது, கப்ஸின் அமைப்புக் கோப்பில் பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் என்னும் வரியை நோ என்று மாற்றி வைத்தல். முறைமையைக் காப்பவர் ஒருமுறை செய்தால் போதும். சங்கச் செயற்குழுவினரை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. இத்துடன் உறுப்பினர்க்குத் தனித்தனிப் பயனர் பெயர் அளிப்பதையும் அவர்கள் கருதலாம். செலவு ஒரு காசும் இல்லை.

விண்டோஸ் கணினி வைத்திருப்பார் பலர். அவர்க்கும் சுருங்கக் கூறுவோம். அங்கும் ஸ்பூலர் உண்டு. பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தில் கெட்-பிரிண்ட்ஜாப் என்பது பொறியின் பெயரைச் சேர்த்தால் வரிசையைக் காட்டும். ரிமூவ்-பிரிண்ட்ஜாப் பணியை நீக்கும். எதற்கும் மசியாத பணி இருந்தால், நிர்வாகி உரிமையோடு நெட் ஸ்டாப் ஸ்பூலர் என்று கட்டளையிட்டுச் சேவையை நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32 உறையில் ஸ்பூல் என்பதனுள் உள்ள பிரிண்டர்ஸ் உறையின் கோப்புகளை அழித்து, நெட் ஸ்டார்ட் ஸ்பூலர் என்று மீண்டும் தொடங்க வேண்டும். உறையை அழிக்கலாகாது, உள்ளிருப்பவற்றை மட்டுமே. இச்சேவையை எளிதாக எண்ணற்க. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் பரவிய வழிகளுள் விண்டோஸ் ஸ்பூலரின் ஓட்டையும் ஒன்று. 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற மற்றோர் ஓட்டைக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. விண்டோஸின் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றிக்கொள்ளாதவர்கள் இதனைக் கருத்திற் கொள்க.

தமிழில் எழுதுவோர்க்கு மட்டும் ஒரு சொல். வெறும் எழுத்துக் கோப்பாக உள்ள தமிழை எல்பி கட்டளைக்கு அப்படியே கொடுத்தால், கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து அச்சாதல் உண்டு. எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கும் பணியை, வெறும் எழுத்தை அச்சுக்கு ஆயத்தம் செய்யும் வடிகட்டி எல்லா இடத்தும் செய்வதில்லை. ஆகவே லிப்ரே ஆஃபீஸ் போன்ற ஒன்றில் திறந்து பிடிஎஃப் ஆக்கி, அதனை அனுப்புக; எழுத்துருவும் உடன் பொதிந்து செல்லும். லினக்ஸில் பாப்ஸ் என்னும் சிறு செயலியும் இத்தொழிலைச் செய்யும். இவ்விதழின் பிள்ளைகள் பகுதிக்குக் கதை அனுப்புவோர் அச்சுப்படியைக் கண்ணால் ஒருமுறை பார்த்தபின் அனுப்புமாறு வேண்டுகிறோம். கட்டளைவரி பற்றி நேயர்கள் கேட்டெழுதும் ஐயங்களுக்கு அடுத்த திங்கள் இப்பகுதியில் விடையளிப்போம்.